தப்பு விடைக்கும் ஒரு மரியாதை

"ஏனுங்க மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று மொபைலை நீட்டினாள் பக்கத்து வீட்டுப் பெண். போத்தனூரில் எங்கள் தெருவில் பி.எட். படிக்கிற ஒரே ஆள். ஆறாம் வகுப்புக்கு ஆன்லைன் பயிற்சி ஒன்று தயாரித்துக் காட்ட வேண்டுமாம். பின்னங்களின் கூட்டலை எடுத்துக்கொண்டிருந்தாள். கலர் கலராக பலூன். சரியாகத் தொட்டால் கைதட்டல். தப்பாகத் தொட்டால் ஒரு பொம்மை அழும்.

முதல் கேள்வி: 1/2 + 1/3 எவ்வளவு? விடைகள்: 5/6, 47, 100, 0.

நான் பி.காம். வட்டிக் கணக்கோடு பின்னத்துக்கு டாட்டா சொன்னவன். நானே 5/6-ஐத் தொட்டுவிட்டேன். கைதட்டினார்கள். ஆனால், எனக்குக் கூட்டத் தெரிந்துதான் தொட்டேன் என்று அந்தக் கைதட்டலுக்கு எப்படித் தெரியும்? மற்ற மூன்றும் டெபாசிட் இழக்கவே நிற்கிற வேட்பாளர்கள்!

"வேற என்னங்க போடறது?" என்றாள், லேசாக முகம் வாடி.

வாசலில் விளையாடிக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பொடியனைக் கூப்பிட்டுக் கேட்டோம். யோசிக்கவே இல்லை. "அஞ்சுல ரெண்டு!"

மேலே ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, கீழே ரெண்டும் மூணும் அஞ்சு. இதை முட்டாள்தனம் என்று தள்ளாதீர்கள். உலகம் முழுக்கப் பிள்ளைகள் செய்கிற தப்பு இது. அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த 2/5 விடைகளில் இருந்தால்தான் பையன் எங்கே வழுக்குகிறான் என்று டீச்சருக்குத் தெரியும். 47-ஐ வைத்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

இந்தச் சண்டை பழசு. 1920-களிலேயே அமெரிக்காவில் சிட்னி பிரெஸ்ஸி என்ற பேராசிரியர், சரியான விடைக்குப் பொத்தானை அழுத்தினால் மிட்டாய் தருகிற இயந்திரம் செய்தார். நம் பலூனுக்குத் தாத்தா! 1950-களில் ஸ்கின்னர் வந்தார். கொடுத்ததில் ஒன்றைப் பொறுக்குவது படிப்பில்லை, விடையைப் பிள்ளையே எழுதட்டும் என்றார். நம்பும்படியான தப்பு விடையைக் கண்ணில் காட்டினால் அதுவே மனசில் ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் பயம். நியாயமான பயம்தான். ஆனால், தொட்ட கையோடு 'ஏன் தப்பு' என்று சொல்லிவிட்டால் அந்தப் பயம் பாதி தீர்ந்துவிடும் என்பது என் கட்சி.

வசதிக்கு இன்று குறைச்சலில்லை. ஹெச்5பி என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு தப்பு விடைக்கும் தனித்தனி விளக்கம் எழுதலாம். அதே நார்வேயிலிருந்து வந்த கஹூட்டில் சீக்கிரம் தொட்டவனுக்கு அதிக பாயின்ட். நிதானமாக யோசிக்கிற பிள்ளை சரியாகச் சொல்லியும் பின்னால் நிற்கும். வகுப்பு கலகலப்பாகும், ஒப்புக்கொள்கிறேன். கணக்குப் பாடத்துக்கு அந்த அவசரம் எதற்கு?

மத்திய அரசின் தீக்ஷா தளம் 2017-ல் வந்தது. 2018-ல் நம் புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு ஏறியது. நல்ல முயற்சி. ஆனால், நான் திறந்து பார்த்த சில பயிற்சிகளில் 'சரி', 'தவறு' என்பதோடு கதை முடிந்துவிட்டது. ஆன்சர் ஷீட்டில் பெருக்கல் குறி போடுவதற்கு இத்தனை டேட்டா எதற்கு?

இவளையும் குற்றம் சொல்ல முடியாது. கல்லூரியில் அனிமேஷனுக்குத் தனி மார்க்காம். தப்பு விடைகளை யோசித்து எழுதியதற்கு எந்தக் கட்டமும் இல்லையாம்.

ராத்திரி உட்கார்ந்து மாற்றினாள். இப்போது விடைகள்: 5/6, 2/5, 2/6, 1/5. பொடியன் மறுபடியும் 2/5-ஐத் தொட்டான். திரையில் வந்தது: 'அரை ஒப்புட்டு சாப்பிட்ட பிறகு இன்னும் மூணில் ஒரு பங்கு சாப்பிட்டாய். நீ சொன்ன 2/5 அரையை விடக் குறைவாச்சே?'

பையன் விரலை எடுத்துவிட்டு யோசித்தான். தரையில் குச்சியால் ஒரு வட்டம் போட்டான். சரியாக வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டான்.

அழுகிற பொம்மையைத் தூக்கிவிட்டாள். பலூன் மட்டும் இருக்கிறது.

"மார்க் வேணுமில்லைங்க மாமா?"