ஈமாக்ஸுக்குள் அஞ்சல்: ஒரு மரபும் அதன் கிளைகளும்

ஈமாக்ஸ் 1976இல் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பிறந்த எடிட்டர். இன்று புழங்கும் குனு ஈமாக்ஸை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1984இல் எழுதத் தொடங்கினார். லிஸ்ப் மொழி கொஞ்சம் தெரிந்தவர் அதன் எந்த மூலையையும் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அஞ்சல் படிப்பதையும் எழுதுவதையும் அதற்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வழக்கத்தில் ஆர்மெயில், எம்ஹெச்-ஈ, விஎம், குனுஸ், நாட்மச், எம்யூ4ஈ என்று பல கிளைகள் உண்டு. எதில் விசைகள் எளிது, எதில் திரை அழகு என்றுதான் இவற்றை ஒப்பிடுவது வழக்கம். அந்த ஒப்பீடு அதிக தூரம் போகாது. விசையையும் திரையையும் யாரும் ஒரு மாலைப்பொழுதில் மாற்றிவிட முடியும். கடிதம் வட்டில் எந்த வடிவில் கிடக்கிறது, படித்தது படிக்காதது என்ற குறிகளை யார் வைத்திருக்கிறார்கள் என்பதே இக்கிளைகளைப் பிரிக்கும் கேள்வி. மேலே எவ்வளவு தளர்ச்சி இருக்கிறதோ அவ்வளவு கண்டிப்பு அடியில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆர்மெயிலின் வரலாறே முதல் சாட்சி. வந்த கடிதங்களையெல்லாம் பாபில் என்ற தன் சொந்த வடிவத்துக்கு மாற்றி, ஒரே கோப்பில் அடுக்கிவைத்தது அது. வேறு நிரல்களுக்கு அந்தக் கோப்பு பெரும்பாலும் புரியாது. 2009இல் வெளிவந்த ஈமாக்ஸ் 23இல் பாபில் கைவிடப்பட்டு, யுனிக்ஸ் உலகின் பொதுவடிவமான எம்பாக்ஸ் வந்தது. அதுவும் குறையற்றதன்று: ஒரு குறிப்பிட்ட சொல்லில் தொடங்கும் வரிதான் அடுத்த கடிதத்தின் எல்லை என்பதால், கடிதத்தின் உள்ளேயே அப்படியொரு வரி வந்தால் அதன் முன் ஒரு அம்புக்குறியைச் செருகுவார்கள். எழுதியவர் எழுதாத குறி அவர் கடிதத்தில் ஏறிவிடும். இதற்கு நேரெதிர் வழி, 1970களின் இறுதியில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் உருவான எம்ஹெச். கடிதத்துக்கு ஒரு கோப்பு, கோப்புறைக்கு ஒரு அடைவு, எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கட்டளைகளால் கையாளலாம். அந்தக் கட்டளைகளுக்கு ஈமாக்ஸில் போட்ட மேலுடைதான் எம்ஹெச்-ஈ.

குனுஸ் இம்மரபின் மேதை. மேதைகளுக்குரிய பிடிவாதமும் அதற்கு உண்டு. 1980களின் பிற்பகுதியில் யூஸ்நெட் செய்திகளைப் படிக்க மசனோபு உமேதா எழுதியதை, 1994 முதல் லார்ஸ் மக்னே இங்கெப்ரிக்ட்சன் புதிதாக எழுதினார். அஞ்சலையும் செய்தியாகவே பார்ப்பது அதன் கொள்கை. படித்த கடிதம் அடுத்த முறை கண்ணில் படாது. காலாவதியாகலாம் என்று குறித்தது, வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், ஏழு நாளில் அழிந்துபோகும். புதிதாக வருபவர் கடிதம் தொலைந்துவிட்டதென்று பதறுவார். குவிந்து கிடக்கும் அஞ்சலைக் களஞ்சியமாகப் பார்க்காமல் ஓட்டமாகப் பார்த்த இந்தச் சிந்தனையை நான் மதிக்கிறேன். ஆனால் படித்தவை எவை என்ற நினைவைக் குனுஸ் தனக்கு மட்டும் புரியும் ஒரு லிஸ்ப் கோப்பில்தான் நெடுங்காலம் வைத்திருந்தது. கடிதங்களைத் தூக்கிக்கொண்டு வேறு நிரலுக்குப் போய்விடலாம்; நினைவு கூடவே வராது. ஐமேப் வழியாகப் படிப்பவர்களுக்குக் குறிகள் சர்வரிலேயே பதிவதால் இந்தச் சிக்கல் தணிந்தது.

பிந்தைய கிளைகளான நாட்மச்சும் எம்யூ4ஈயும் மெயில்டிர் என்ற வடிவத்தின் மேல் நிற்கின்றன. கியூமெயிலுக்காக டேனியல் பெர்ன்ஸ்டீன் வகுத்த அது, எம்ஹெச் போலவே கடிதத்துக்கு ஒரு கோப்பு வைக்கும். படித்தது, பதில் எழுதியது போன்ற குறிகள் கோப்பின் பெயரிலேயே இருக்கும். இரண்டும் தேடலுக்கு ஸாப்பியன் என்ற நூலகத்தை நம்புகின்றன. எம்யூ4ஈக்கு அடியில் இயங்கும் எம்யூவின் தேடல் அட்டவணையை அழித்துவிட்டாலும் கடிதங்களிலிருந்து மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். 2009இல் கார்ல் வொர்த் தொடங்கிய நாட்மச்சில் குறிச்சொற்கள் தாராளம், ஆனால் அவை குடியிருப்பது அட்டவணைக்குள். அதனால்தான் அவற்றை எளிய உரைக்கோப்பாகக் கொட்டித் தரும் கட்டளையையும் அதில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டளை இல்லையென்றால் நாட்மச்சை யாருக்கும் சிபாரிசு செய்யத் தயங்குவேன்.

கூகுளும் மைக்ரோசாஃப்டும் வெறும் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்திவிட்டன, இனி இந்த மரபு எப்படிப் பிழைக்கும் என்று கேட்கிறார்கள். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் 2022 அக்டோபரில் அந்தக் கதவு மூடத் தொடங்கியது உண்மை. நாட்மச், எம்யூ4ஈ பயனர்கள் அஞ்சலை இறக்கும் வேலையை எம்பிசிங்க் போன்ற வெளிநிரலிடம் விட்டிருக்கிறார்கள். கடவுச்சொல்லுக்குப் பதில் அனுமதிச் சீட்டு வாங்கும் பாடு அந்த ஒரு அடுக்கோடு நிற்கிறது. சர்வரோடு நேரே பேசும் குனுஸ்காரர்தான் எடிட்டருக்குள்ளேயே அதோடு மல்லுக்கட்ட வேண்டும். ஹெச்டிஎம்எல் கடிதங்களைப் பற்றிய குறை இதைவிடக் கனமானது. ஈமாக்ஸ் அவற்றைக் காட்டும், ஆனால் அட்டவணைமேல் அட்டவணையாகக் கட்டிய விளம்பரம் சிதைந்துதான் தெரியும். நாள்காட்டி அழைப்புகளாலும் வண்ணப் பட்டைகளாலும் அலுவல் நடத்தும் இடத்தில் ஈமாக்ஸ் அஞ்சலைப் பிடித்துத் தொங்குவது வீண்.

கடைசி ஆட்சேபம் என் கட்சிக்கே எதிரானது. தமிழில் எழுதுவோரைத் தொடுவது. ஜப்பானில் மின்னணுத் தொழில்நுட்ப ஆய்வகத்தில் பிறந்த மியூல் என்ற நீட்சி 1997இல் ஈமாக்ஸ் 20இல் கலந்தபோதே பன்மொழி வழி திறந்துவிட்டது. ஐட்ரான்ஸ், இன்ஸ்கிரிப்ட் முறைகளில் தமிழை உள்ளிடவும் இன்று வசதி உண்டு. ஆனால் கடிதத்துக்கு ஒரு கோப்பு இருந்தால் கிரெப் என்ற தேடல் கட்டளையே போதும் என்ற எம்ஹெச் காலத்துப் பெருமை தமிழ்க் கடிதத்தில் செல்லாது. மைம் விதிப்படி தமிழ்த் தலைப்பு அஸ்கி எழுத்துகளாகக் குறியேற்றப்பட்டே பயணிக்கிறது. உடலும் பெரும்பாலும் அப்படியே. வட்டில் உள்ள கோப்பில் தேடினால் தமிழ்ச் சொல் அகப்படாது, குறிநீக்கிப் படித்த அட்டவணை வேண்டும். கோப்பு கண்டிப்பாக இருக்கலாம், தேடத் தெரிந்த ஒருவன் மேலே இருந்தாக வேண்டும் என்று என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன். அந்த ஒருவனுக்கும் தமிழ் இலக்கணம் தெரியாது. நாட்மச் சொல்லின் வேரைக் கண்டுபிடிப்பது ஆங்கில விதிப்படி மட்டுமே. 'கூட்டம்' என்று தேடினால் 'கூட்டத்துக்கு' வராது. தமிழ்க்காரர் 'கூட்ட' என்று அடித்து, பின்னால் ஒரு நட்சத்திரக்குறி போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.