தராசும் கடைக்காரரும்: கெடா மாநிலப் பின்னணியில் பத்தி எழுத்தை மதிப்பிடல்

முன்னுரை

மலேசியத் தமிழ் இலக்கியத்தில் கெடா மாநிலத்திற்குத் தனியிடம் உண்டு. சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்', கோ. புண்ணியவானின் 'செலாஞ்சார் அம்பாட்', கே. பாலமுருகனின் 'நகர்ந்து கொண்டிருக்கும் வாசல்கள்', ம. நவீனின் 'பேய்ச்சி' ஆகிய நாவல்களைப் படைத்தோர் அனைவரும் பிறப்பாலோ வாழ்வாலோ இம்மாநிலத்தோடு தொடர்புடையவர்கள். இவர்தம் புனைகதைகளை நாம் ஆய்வுப்பொருளாக ஏற்றுக்கொண்டுள்ளோம். ஆனால் இம்மண்ணைச் சார்ந்தோர் அரசியல், ஊடகம், அன்றாடப் பண்பாடு ஆகியவை குறித்துத் தன்கூற்றாக எழுதிய பத்திகளை இலக்கியமாகக் கருதி ஆராயும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேர்கொள்ளவில்லை. நாளிதழோடு பிறந்து நாளிதழோடு மறைவன என்று அவற்றை ஒதுக்கிவிடுகிறோம்.

இவ்வாறு ஒதுக்குவதற்கு ஒரு காரணம், பத்தியை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல் நம்மிடம் இல்லாமையே ஆகும். மொழித்தூய்மை கொண்டு அளந்தால் அது குறைபடுகிறது. சான்றாதாரம் கொண்டு அளந்தால் ஆய்வுக்கட்டுரைக்கு ஈடாவதில்லை. எனவே பத்திக்கு உரிய அளவுகோல் எது என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. கெடாவோடு தொடர்புடைய இரு நாவல்களைச் சுற்றி எழுந்த கருத்துரைகளைக் கொண்டு அதற்கு விடை காண முயல்கிறது.

பத்தியின் இயல்பு

தலையங்கம் இதழின் குரல். ஆய்வுக்கட்டுரை துறையின் குரல். பத்தி ஒருவரின் குரல். இம்மூன்றுள் பத்தி ஒன்றே 'நான்' என்று தொடங்கும் உரிமை உடையது. அது பெரும்பாலும் சிறு நிகழ்வு ஒன்றிலிருந்து புறப்படும். பேருந்தில் கேட்ட உரையாடல், திருமண மண்டபத்தில் ஒலித்த பாடல், கடைப்பலகையில் கண்ட எழுத்துப்பிழை ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றிக்கொண்டு, அதன்வழி ஆட்சியாளரையும் ஊடகத்தையும் ஊர் வழக்கத்தையும் எடைபோடும். சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்லும் இவ்வழியே பத்தியின் வலிமை. அவ்வழியில் இடையிலுள்ள படிகளைத் தாவிவிடுவதே அதன் நோய்.

தமிழில் இவ்வகை எழுத்தின் முன்னோடிகளுள் பாரதியாரின் 'தராசு' குறிப்பிடத்தக்கது. புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில் சுதேசமித்திரனில் அவர் எழுதிய வரிசை அது. அதில் ஒரு கடைக்காரர் உண்டு. அவரிடம் பேசும் தராசு ஒன்றும் உண்டு. கடைக்கு வருவோர் நாட்டு நடப்பு, கல்வி, சமயம், கவிதை எனப் பலவற்றைப் பற்றி வினவுகின்றனர். நிறுத்து விடை சொல்வது தராசு. இவ்வமைப்பை வெறும் வேடிக்கையாகக் கொள்ளுதல் பொருந்தாது. தீர்ப்பு வழங்கும் பொறுப்பைக் கடைக்காரரிடமிருந்து பிரித்துத் தராசின் கையில் ஒப்படைத்ததன் வாயிலாக, எழுதுபவரின் விருப்பும் எடைபோடும் நேர்மையும் வெவ்வேறானவை என்பதைப் பாரதியார் உணர்த்திவிடுகிறார். நடுவு நிலைமையைச் சொல்லவந்த வள்ளுவரும் துலாக்கோலையே உவமையாக எடுத்தாண்டார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

பிற்காலத்தில், 1965இல் தொடங்கிய கணையாழியின் கடைசிப் பக்கத்தைச் சுஜாதா பல ஆண்டுகள் எழுதினார். கவிதை, திரைப்படம், அறிவியல், நகர வாழ்வு எனத் தாவித் தாவிச் சென்ற அப்பக்கம் தமிழ்ப் பத்திக்கு விரைவையும் எள்ளலையும் தந்தது. பின்வந்தோர் பலர் அவருடைய நடையைப் பின்பற்றினர். ஆயின், நடையைக் கற்பது எளிது; நிறுத்தலைக் கற்பது அரிது. பாரதியாரின் தராசையும் சுஜாதாவின் நடையையும் ஒருங்கே பெற்ற பத்தியாளர் சிலரே எனலாம்.

மலேசிய இதழ்களும் தோட்டப்புறமும்

மலேசியாவில் இவ்வெழுத்து இதழ்களின் நிழலில் வளர்ந்தது. 1924இல் தோன்றிய தமிழ் நேசனும், 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசும் தோட்டப்புற வாசகரை உலக நடப்போடு பிணைத்தன. பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு நிரைக்குச் சென்று, மங்குகளில் வடிந்த பாலை எடுத்து, பிற்பகலில் லயத்திற்குத் திரும்பும் தொழிலாளிக்கு, ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் நாளிதழ் பள்ளிக்கூடமாகவும் விளங்கிற்று. பிற்காலத்தில் ஆதி குமணன், வாசகரோடு நேர்நின்று பேசும் எழுத்தால் ஒரு தலைமுறையை ஈர்த்தார். அவர் 2005இல் மறைந்தார். தொண்ணூற்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் வெளிவந்த தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோயிற்று.

இதற்கிடையே வாசகரின் வாழிடமும் மாறிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், ரப்பர் அழிந்து செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்தும், மக்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம், திகாம் பத்து போன்ற ஊர்களின் ஓரங்களுக்குப் பெயர்ந்தனர். கிராணி, தண்டல், ஆயாக்கொட்டகை, ஒட்டுப்பால் முதலிய சொற்கள் பேச்சிலிருந்து மெல்ல நழுவின. 2007 நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூரில் நடந்த இண்ட்ராப் பேரணியும், கெடாவில் ஆட்சி மாற்றத்தை விளைவித்த 2008 மார்ச் பொதுத்தேர்தலும், அதுவரை கேட்பவராக இருந்தோர் பலரை எழுதுபவராக்கின. அரசியல் கருத்துரை தலைவர்களின் தனியுரிமையாக இருந்த நிலை தளர்ந்தது. எழுதும் கைகள் பெருகியபோது நிறுக்கும் தராசும் பெருகியதா என்பதே நம் வினா.

முதற்சான்று: இண்டர்லோக்

மலாய் இலக்கியத்தின் தேசிய இலக்கியவாணர்களுள் ஒருவரான அப்துல்லா உசேன், கெடா மாநிலம் யான் வட்டாரத்தில் 1920இல் பிறந்தவர். 1971இல் வெளிவந்த அவருடைய 'இண்டர்லோக்' மலாய், சீன, இந்தியக் குடும்பங்களின் கதையைச் சொல்வது. அது ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடநூலாக அறிவிக்கப்பட்டபோது, 2010ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சமூகத்தினரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. மணியம் குடும்பத்தைச் சித்திரிக்கும் பகுதியில் வரும் சாதிப்பெயரும், இந்தியப் பண்பாடு குறித்த பிழையான செய்திகளும் எதிர்ப்புக்குக் காரணமாயின. அரசு குழு அமைத்துத் திருத்தங்களை ஆராய்ந்தது. முடிவில் 2011 டிசம்பரில் நூல் பாடத்திட்டத்திலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது.

எதிர்ப்பில் நியாயம் இருந்தது. பல இன மாணவர் ஒருங்கே பயிலும் வகுப்பறையில், ஓர் இனத்தின் வரலாறு பிழையாகக் கட்டாயப் பாடமாவதை எவரும் ஏற்கவியலாது. எனினும் அந்நாள்களில் நாம் படித்த பத்திகளுள் பெரும்பாலானவை ஒரு வினாவைத் தவிர்த்தன. அச்சாதிப்பெயர் நம்மை ஏன் இழிவுபடுத்துவதாகத் தோன்றுகிறது? பெயரைக் கேட்டதும் இழிவு என்று நாம் பதறியதில், அப்பெயருக்கு உரியோர் தாழ்ந்தவர் என்னும் எண்ணம் நம்முள்ளும் உறைந்திருக்கவில்லையா? திருமணப் பேச்சிலும் கோயில் நிருவாகத்திலும் சாதி எவ்வாறு வந்து அமர்கிறது என்பதைத் தோட்டப்புறத்தில் வளர்ந்தோர் அறிவர். நாவலாசிரியரின் பிழையை எடைபோட்ட பத்தியாளர், அதே தட்டில் தம் சமூகத்தையும் வைத்திருந்தால் அவ்வெழுத்து எதிர்ப்பாகவும் தன்னாய்வாகவும் நின்றிருக்கும். எதிர்ப்பின் கூர்மையும் அதனால் குறைந்திராது.

இரண்டாம் சான்று: பேய்ச்சி

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் காட்சி மாறிற்று. கெடா, லூனாசில் பிறந்த ம. நவீன் எழுதிய 'பேய்ச்சி' 2019இல் வெளிவந்தது. 1981இல் லூனாசில் நச்சுச் சாராயம் குடித்துப் பலர் மாண்ட துயரத்தைத் தன் பின்னணியில் கொண்ட இந்நாவல், தோட்டத்து மக்களின் நம்பிக்கைகளையும் சினத்தையும் அவர்தம் பேச்சுமொழியிலேயே பதிவு செய்கிறது. அதிலுள்ள வசைச்சொற்களும் பாலியல் குறிப்புகளும் ஆபாசமானவை என்று தமிழரிடமிருந்தே முறையீடுகள் எழுந்தன. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு, 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டத்தின்கீழ் அதற்குத் தடை விதித்தது.

இரு நிகழ்வுகளையும் ஒன்றெனக் கொள்வது பிழை. முன்னது மாணவர் கட்டாயமாகப் பயில வேண்டிய பாடநூல். பின்னது வயது வந்தோர் விரும்பினால் வாங்கிப் படிக்கும் நாவல். முன்னதில் கேட்கப்பட்டது பாடத்திட்டத்திலிருந்து நீக்கம். பின்னதில் விளைந்தது நாடு முழுமைக்குமான தடை. ஆயினும் கருத்துரைத்தோரின் போக்கில் ஓர் ஒற்றுமை தென்படுகிறது. இருமுறையும் தனித்தெடுக்கப்பட்ட சில பக்கங்களே வழக்காயின. முழு நூல் பின்தள்ளப்பட்டது. இருமுறையும் சமூகத்தின் மானமே அளவுகோலாயிற்று. பேய்ச்சியின் மொழியைக் கண்டித்தோர், அம்மொழி லயத்துக் குடும்பங்களில் வழங்கியதா இல்லையா என்று ஆராய்ந்திருக்க வேண்டும். வழங்கியதெனில், அதை எழுத்தில் காண நாம் ஏன் நாணுகிறோம் என்று தொடர்ந்து வினவியிருக்க வேண்டும்.

மறுபக்கத்தையும் நிறுத்தல் வேண்டும். நவீன் நாவலாசிரியர் மட்டுமல்லர். 2007இல் தொடங்கிய வல்லினம் இதழை நடத்துபவர். இலக்கியம், கல்வி, அரசியல் குறித்து இடையறாது கட்டுரை எழுதுபவர். தமிழ்ப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய அவர் தம் நூலொன்றுக்கு 'வகுப்பறையின் கடைசி நாற்காலி' என்று பெயரிட்டுள்ளார். முன்வரிசை மாணவரைக் கொண்டே பள்ளியை அளக்கும் நம் வழக்கத்திற்கு அத்தலைப்பே ஒரு மறுப்புரை. எனினும் பிறர் படைப்புகளைப் பற்றி அவர் கூறும் தீர்ப்புகளில் கடுமை மிகும் இடங்கள் உள்ளன. படைப்பாளரும் திறனாய்வாளரும் இதழாசிரியரும் ஒருவரேயாக இருக்கும்போது, கடைக்காரரும் தராசும் ஒன்றாகிவிடும் இடர் உண்டு. அத்தகையவரின் எழுத்து தம் தீர்ப்புக்குரிய காரணங்களை மற்றவரினும் விரிவாக எடுத்துவைத்தல் கடன். சிறுபான்மைச் சூழலில் ஒருவரே பல பொறுப்புகளைச் சுமக்க நேர்கிறது என்பதை ஒப்புக்கொண்டே இதைக் கூறுகிறோம்.

'நாம்' என்னும் மறைவிடம்

பிறரை நிறுத்த இக்கட்டுரை தன்னையும் நிறுத்துக்கொள்ள வேண்டும். கல்விப்புலத்தார் 'நாம்' என்று எழுதுகிறோம். அது துறையின் மரபு. அடக்கத்தின் அடையாளம் என்றும் சொல்லப்படுகிறது. ஆனால் அதுவே சில வேளைகளில் மறைவிடமாகவும் அமைகிறது. 'நான்' என்று எழுதுபவர் தம் கருத்துக்கு விலை கொடுக்கிறார். 'நாம்' என்று எழுதுபவர் கூட்டத்தில் ஒதுங்கிக்கொள்ளலாம். பேய்ச்சி குறித்த பூசல் நிகழ்ந்தபோது நாம் அந்நாவலை முன்பே முழுமையாகப் படித்திருந்தோம். அதன் நிறையும் குறையும் பற்றிக் கருத்து இருந்தது. ஆயினும் ஒரு வரியும் எழுதவில்லை. ஆய்வுக்குக் காலத்தின் தொலைவு தேவை என்று நம்மையே தேற்றிக்கொண்டோம். காலத்தின் தொலைவு என்று நாம் அழைத்தது அச்சத்தையும் உள்ளடக்கியது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம். நூலைப் படித்தவர்கள் பேசாதிருந்தமையால், சில பக்கங்களை மட்டும் கண்டவர்களின் பேச்சே அவையில் நின்றது.

தமிழாசிரியர்க்கும் இதில் பங்குண்டு. செந்தமிழைக் கற்பித்தல் நம் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் வீட்டில் வழங்கும் தோட்டத்துத் தமிழ் வெட்கத்திற்குரியது என்னும் எண்ணம் அக்கற்பித்தலோடு சேர்ந்து மாணவர் உள்ளத்தில் படிந்துவிடுகிறது. அவ்வாறு வளர்ந்த வாசகர், தம் பாட்டியின் சொல்லை நாவலில் காணும்போது அதிர்ச்சியடைவதில் வியப்பில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பத்திக்குரிய அளவுகோல் ஒன்று புலனாகிறது. எழுதுபவர் தம் எதிரியை வைத்த அதே தட்டில் தம்மையும் தம் கூட்டத்தையும் வைக்கின்றாரா என்பதே அது. அவ்வாறு வைப்பின் அது இலக்கியமாகவும் வரலாற்றுச் சான்றாகவும் நிற்கும். வையாவிடின், நடை எத்துணை இனிதாயினும் அன்றைய கூச்சலின் ஒரு பகுதியாகவே முடியும்.

இவ்வளவுகோலைப் பயன்படுத்த முதலில் நம் கையில் பத்திகள் இருத்தல் வேண்டும். நின்றுபோன நாளிதழ்களின் கருத்துப் பக்கங்கள், கெடாச் சிற்றூர்களின் பழைய வாசகர் இல்லங்களில் கத்தரித்து வைக்கப்பட்ட தாள்கள் ஆகியவை கறையானுக்கு இரையாகும் முன் திரட்டப்பட வேண்டும். இளநிலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பத்தியாளர் ஒருவரின் எழுத்தைத் தொகுத்து, அதில் வரும் வழக்குச்சொற்களுக்கு விளக்கம் எழுதுவதை ஒப்படைப்பாகத் தரலாம். திகாம் பத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் 'பெரட்டு' என்னும் சொல்லின் பொருளைத் தம் தாத்தாவிடம் கேட்டு எழுதினால், ஒரு பத்தி மட்டுமன்று, ஒரு தலைமுறையின் காலைப்பொழுதும் பதிவாகும். அம்மாணவரிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மையை முதலில் நம் எழுத்தில் காட்டுவதே முறை.