துண்டுத் திரையும் வேறு வழியும்

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு ஞாயிறு. ஏற்காட்டில் கிளியூர் அருவிக்குப் படியிறங்கிக்கொண்டிருந்தோம். குளித்துக் கரையேறிய ஒரு பெண், பாறையோரம் நைட்டியின் கழுத்தைப் பல்லால் கவ்விக்கொண்டு, உள்ளே ஈரப் புடவையை உருவிக்கொண்டிருந்தாள். நாத்தனார் போலிருந்தவர் துண்டை விரித்து மறைத்து நின்றார். அருவியைப் படம் பிடித்த இளைஞர்களின் செல்போன்களில் அந்தத் துண்டும் விழுந்திருக்கும். மேலிருந்து வந்த பெரியவர் ஒருவர் மட்டும் திருப்பத்திலேயே நின்றார், செருமினார், பாறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் ஈரத்துணியைப் பிழிந்து பையில் திணித்த பிறகுதான் இறங்கினார்.

யூதர்களின் சமய நூலான தல்மூதில், பாவா பத்ரா என்ற பகுதியில், ஏறத்தாழ இதே காட்சி இருக்கிறது. பெண்கள் நீர்க்கரையில் துணி துவைக்கிறார்கள். ஒருவன் அவ்வழியே போக வேண்டும். வேறு வழி இருந்தும் அதே வழியில் போனால், கண்ணை மூடிக்கொண்டு போனாலும் அவன் தீயவன். வேறு வழி இல்லையென்றால் குற்றமில்லை. ஆனாலும் பார்வையை வலிந்து திருப்பிக்கொள்ள வேண்டும். துவைக்கும் பெண்களுக்கு அங்கே கட்டளை எதுவும் இல்லை. அவர்கள் வேலையை அவர்கள் பார்க்கலாம்.

த்ஸ்னியூத் எனப்படும் யூத அடக்க நெறியில் நான் மிகவும் மதிக்கும் இடம் இது. ஊரில் இருந்தாலும் உல்லாசப் பயணம் போனாலும் அந்த நெறிக்கு விடுமுறை கிடையாது. கடலில் ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிப்பதையும், அந்நிய ஆணும் பெண்ணும் பூட்டிய அறையில் தனித்திருப்பதையும் வைதிக யூதர்கள் பயணத்திலும் தவிர்க்கிறார்கள். பொறுப்பை ஆண்மீது வைக்கும் இந்தப் பார்வை நமக்கும் அந்நியமல்ல. ‘பிறனில் விழையாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்த திருக்குறள் அதில் ஆணை நோக்கித்தான் பேசுகிறது.

ஆனால் நெறி நடைமுறைக்கு வரும்போது சுமை தோள் மாறிவிடுகிறது. தலையை மூடாமல் வெளியே போகும் மனைவியை, திருமண ஒப்பந்தத் தொகையைக் கொடுக்காமலே விலக்கலாம் என்கிறது தல்மூதின் மூலப் பகுதியான மிஷ்னா. பார்க்கிறவனுக்கு அறிவுரை, பார்க்கப்படுகிறவளுக்குத் தண்டனை! நம் காலத்திலும் இஸ்ரேலின் பேத் ஷெமேஷ் நகரில், பெண்கள் அடக்கமாக உடுத்த வேண்டும் என்ற பலகைகள் தெருவில் தொங்கின. அவற்றை அகற்றாத நகராட்சி, வழக்குத் தொடுத்த பெண்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2015இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆண்களே, கண்ணைத் தாழ்த்துங்கள் என்று அதே முனைப்போடு யாரும் பலகை எழுதி நான் கேள்விப்பட்டதில்லை.

இடத்தைப் பிரித்துவிடுவது இன்னொரு தீர்வு. டெல் அவிவின் நோர்டாவ் கடற்கரை ஞாயிறு, செவ்வாய், வியாழன் பெண்களுக்கு, திங்கள், புதன், வெள்ளி ஆண்களுக்கு, சனி எல்லோருக்கும். பங்கு சமம் என்பதால் இதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. குற்றாலம் பேரருவியில் பெண்களுக்கெனத் தனி இடம் இருப்பதால்தான், வேறெங்கும் நனையத் துணியாத எங்கள் அத்தை அங்கே மணிக்கணக்காகத் தலையைக் கொடுத்து நின்றார். அதை அடக்குமுறை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எனினும் குடும்பமாக வருகிறவர்களை அது பிரிக்கிறது. பத்து வயது மகனோடு தனியாக வரும் தாய் அவனை யாரிடம் விட்டுவிட்டுக் குளிப்பாள்? பெண்களுக்கென ஒரு மூலையை ஒதுக்கியதும், மற்ற இடமெல்லாம் ஆண்களுடையது என்ற நினைப்பும் மெல்ல வளர்ந்துவிடுகிறது.

ஏற்காட்டில் லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்று மூன்று பாறை முனைகள் உண்டு. பெயரில் இருக்கும் பிரிவினை இப்போது பாறையில் இல்லை. மாலையில் எல்லாரும் எல்லா இடத்திலும் நின்று, கீழே சேலத்து விளக்குகளைப் பார்க்கிறார்கள். காட்சி முனைக்கு அதுவே சரி. அருவிக்கரை அப்படியல்ல, அங்கே உடல் நனைகிறது, துணி மாற வேண்டியிருக்கிறது. அங்கே முதலில் வேண்டியது உள்ளே தாழ்ப்பாள் சரியாக விழும், கூரை உள்ள அறை. அடுத்து, கரையில் செல்போனை உயர்த்துகிறவனைத் தடுக்க ஒரு காவலர். தல்மூத் சொன்னவன் பார்வையைத் திருப்பினால் போதும். காட்சி அங்கேயே முடிந்துவிடும். செல்போன் பிடித்தது அப்படி முடிவதில்லை. அதைப் பிடித்தவனுக்கு வேறு வழி இல்லாமலும் இல்லை.