பேராதனைக் கூத்தும் உடனுறை வாழ்வும்

ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றை எழுதப் புகுவோர் 1962ஆம் ஆண்டினைத் தவறாது குறிப்பர். அவ்வாண்டில், பேராதனையில் அமைந்திருந்த இலங்கைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர் 'கர்ணன் போர்' என்னும் வடமோடிக் கூத்தினை மேடையில் ஆடினர். அதனையடுத்துத் தென்மோடியில் 'நொண்டி நாடகம்', பின்னர் 'இராவணேசன்', 'வாலி வதை' என ஒரு வரிசையே அங்குத் தோன்றிற்று. கூத்தாடுதல் இழிதொழில் என்று கருதிய கற்றோர் கூட்டம் அதனைக் கலையென ஏற்றுக்கொண்டது இவ்வரிசையின் பின்னரே எனல் மிகையாகாது.

இம்மாற்றத்திற்குக் காரணங் கூறுவோர் இரண்டினை எடுத்துரைப்பர். ஒன்று, பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்களின் முயற்சி. மற்றொன்று, அதே வளாகத்துச் சிங்கள மாணவரைக் கொண்டு எதிரிவீர சரச்சந்திர 1956ஆம் ஆண்டில் அரங்கேற்றிய 'மனமே' நாடகம் தந்த தூண்டுதல். இவ்விரண்டும் மெய்யே; அவற்றை மறுப்பது எமது நோக்கமன்று. எனினும், இவ்விரண்டினை மாத்திரங் கொண்டு அக்கூத்துக்களின் வடிவினை விளக்கிவிட முடியுமா என்பதே இங்கு எழும் வினா. நெறிப்படுத்திய பேராசிரியரைப் பற்றி எழுதினோம். முன்மாதிரியாய் நின்ற நாடகத்தைப் பற்றி எழுதினோம். ஆடிய மாணவனைப் பற்றி யாதும் எழுதினோமல்லேம். அவன் ஓர் உடனுறை பல்கலைக்கழகத்தில் வாழ்ந்தான் என்பது அக்கூத்தின் அமைப்பிற்கே உரிய செய்தி என்பது எமது கருத்து.

பேராதனை எத்தகைய மாணவனுக்காக அமைக்கப்பட்டது என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டிற் கொழும்பில் நிறுவப்பெற்றது. அதன் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், ஆங்கில நாட்டுப் பழம் பல்கலைக்கழகங்களின் முறையில் மாணவர் அனைவரும் ஓரிடத்தே தங்கிக் கற்கும் நிலையம் ஒன்றினைக் கருதினார். மகாவலி கங்கை ஊடறுத்து ஓட, அந்தானை மலைச்சாரலில் அமைந்த பேராதனைக்கு 1952ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகம் இடம்பெயர்ந்தது. இராமநாதன், அருணாசலம் முதலிய பெயர் தாங்கிய விடுதிகள் எழுந்தன. விடுதித் தலைவர், உணவுக் கூடத்து ஒழுங்கு, ஆங்கில உரையாட்டு யாவும் நகரத்து ஆங்கிலக் கல்லூரிகளிற் பயின்ற இளைஞனையே எதிர்நோக்கி நின்றன.

வந்தவனோ வேறொருவன். 1945ஆம் ஆண்டிற் செயற்படத் தொடங்கிய இலவசக் கல்வியும், நாட்டுப்புறங்களில் எழுந்த மத்திய கல்லூரிகளும் உழவர் வீட்டுப் பிள்ளைகளை மேற்படிப்பின் வாயிலுக்குக் கொணர்ந்தன. 1960ஆம் ஆண்டிற் கலைத்துறைப் பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படத் தொடங்கியதும் அவ்வாயில் திறந்தது. மட்டக்களப்பு, மன்னார், வன்னி எனும் பகுதிகளின் ஊர்களிலிருந்து வந்த மாணவன், தனக்கென அமைக்கப்படாத ஒரு மாளிகையில் வந்து தங்கினான். கத்தியும் முள்ளும் கொண்டு உண்ணும் முறையினை அவன் கற்றிருக்கவில்லை. ஆனால் தாளக்கட்டுக்கு அடிபெயர்க்கக் கற்றிருந்தான். முன்னையது அங்கு உடனே வேண்டப்பட்டது. பின்னையதை வெளியிற் சொல்லவும் அவன் கூசியிருத்தல் இயல்பே. 'கூத்தாடி' என்பது வசைச்சொல்லாக வழங்கிய காலம் அது. கூத்திற்குரிய 1962ஆம் ஆண்டு தமிழ்மொழி வழிக் கல்வி தொடங்கிய ஈராண்டுகளின் பின் வருவது தற்செயலன்று. பேராசிரியர் தேடியது ஊர்களில் இருந்தது. ஊர்கள் அப்போதுதான் விடுதிக்கு வந்து சேர்ந்திருந்தன.

இனி, கூத்து எவ்வாறு பயிலப்படுவது என்பதை நோக்குவோம். மட்டக்களப்பில் ஓர் ஊரவர் கூத்தாட எண்ணின் அண்ணாவியாரை அழைத்து, பெரியோர் முன்னிலையில் ஆட்டக்காரரைத் தெரிந்து, இன்னாருக்கு இன்ன பாத்திரம் எனச் சட்டங் கொடுப்பர். பகலெல்லாம் வயலிலும் கடலிலும் உழைத்தவர் இரவிற் களரியிற் கூடுவர். ஆட்டந் தனியாகவும் பாட்டுத் தனியாகவும் பழகி, இரண்டும் இணைந்தபின் சதங்கை அணிந்து, முழுக் கூத்தினையும் அடுக்குப் பார்த்து, இறுதியில் ஓரிரவு முழுதும் அரங்கேற்றுவர். இதற்குத் திங்கள் பல செல்லும். அரங்கேற்றத்தின் பின்னர் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவதும் உண்டு. ஆகவே கூத்து என்பது ஓர் இரவின் காட்சி என்பதிலும், ஓர் ஊரார் பல திங்கள் இரவுதோறும் கூடிவாழ்ந்த வாழ்வு எனலே பொருந்தும். அண்ணாவியாரின் மத்தள ஒலிக்குக் கால் பழகுவதற்கு அக்கூட்டு வாழ்வு இன்றியமையாதது. ஏட்டினைப் படித்து அறியக்கூடியதன்று அது. நாள்தோறும் உடனிருந்து கண்டு பழகுவது.

இத்தகைய இரவுகள் ஒரு பகற் கல்லூரியிற் கிடைப்பனவல்ல. மாலையானதும் மாணவர் திசைக்கொருவராய்ப் பிரிந்து செல்லும் நிலையத்திற் கூத்தினைப் பற்றி விரிவுரை நிகழ்த்தலாம். கூத்தினைப் பழக்கல் அரிது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அவர்களின் நாடகங்களை இங்கு ஒப்புநோக்குதல் தகும். 'நானாடகம்' 1940ஆம் ஆண்டில் வெளிவந்தது. யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை அத்துணை நுட்பமாக மேடையேற்றிய அந்நாடகங்களைப் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்த காலத்திலேயே மாணவர் நடித்தனர். உரையாடலைப் பாடஞ் செய்து, சில மாலைகள் ஒத்திகை பார்த்து நடிக்கத்தக்கவை அவை. நடிப்பவனின் உடலை மாற்றுமாறு அவை வேண்டுவதில்லை. கூத்தோ உடலையே வேண்டுவது. கணபதிப்பிள்ளையிலிருந்து வித்தியானந்தனுக்கு வரும்போது நிகழ்ந்த மாறுதலைச் சுவை வேறுபாடு என்று மட்டுங் கொள்ளுதல் போதாது. இடையிற் பல்கலைக்கழகம் மலைச்சாரலுக்குச் சென்றது. மாணவனின் இரவு பல்கலைக்கழகத்தின் உடைமையாயிற்று.

இவ்விடத்தே ஒரு சிறு செய்தியையும் கூறிச் செல்லலாம். வித்தியானந்தன் யாழ்ப்பாணத்தவர், இலண்டனில் ஆராய்ந்து பட்டம் பெற்றவர், 1954ஆம் ஆண்டிற் 'தமிழர் சால்பு' வெளியிட்டவர். மட்டக்களப்பு மரபின் அடவும் தாளமும் அவர்க்குப் பிறப்புரிமையாய் வாய்த்தனவல்ல. அவற்றை அறிந்தவர் அண்ணாவியாரும், ஓரளவு மாணவருமே. வகுப்பறையிற் கற்பித்தவர் களரியிற் கேட்டறிபவராய் அமர்ந்தார். தொல்காப்பியத்திற்கு உரை கேட்ட மாணவன் அன்றிரவே வீசாணத்திற்கு விளக்கங் கூறுபவன் ஆனான். ஆசிரியனும் மாணாக்கனும் இடம்மாறி அமரும் இந்நிலை, நன்னூலார் பொதுப்பாயிரத்தில் வகுத்த மாணாக்கர் இலக்கணத்துள் அடங்காதது.

கூத்தின் வடிவம் எங்ஙனம் மாறிற்று? விடியும் வரை நிகழ்ந்தது இரண்டு மணி நேர அளவிற் சுருங்கிற்று. நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருந்த வட்டக்களரி போய், ஒருபுறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடை வந்தது. திரும்பத் திரும்ப வந்த தருக்களும் ஆட்டமுறைகளும் குறைக்கப்பட்டன. இவற்றை நகரத்து அவையினர்க்காகச் செய்த இசைவுகள் என்று கூறுவோர் உளர். அது பெரும்பாலும் உண்மையே. ஆயின் ஒரு மாற்றம் அவையினரை நோக்கி எழுந்ததன்று. அது வளாகத்தின் உள்ளிருந்தே வந்தது. ஊர்க்களரியிற் பெண் பாத்திரங்களையும் ஆடவரே தாங்குவர். பேராதனையில் மாணவியர் ஆடினர். ஊரில் ஒரு பெண் இரவுப் பயிற்சிக்குக் களரி ஏறுதல் எண்ணவும் இயலாத காலம் அது. பெற்றோரின் முற்றத்திலிருந்தும் ஊராரின் கண்ணிலிருந்தும் தொலைவில், தன்னோடு ஒத்த மாணவியர் சூழ வாழ்ந்த விடுதி வாழ்வே அதனை இயல்வதாக்கிற்று. மேடையிற் பெண் குரல் பெண்ணிடமிருந்து எழுந்ததும் கூத்தின் அவலச் சுவைக்கு ஒரு புதிய ஆழம் வாய்த்தது. இதனைத் திறனாய்வாளர் போதிய அளவு எடுத்துரைத்திலர் என்பது எமது குறை.

அவ்வாழம் தெளிவாகப் புலப்படுவது 'இராவணேச'னில் ஆகும். 'கர்ணன் போ'ரும் 'நொண்டி நாடக'மும் முன்னரே ஊரில் வழங்கிய கூத்துக்களின் சுருக்கங்கள். சுருக்கியவர் திறமை அவற்றிற் புலப்படினும், பொருள் பழையது. 'இராவணேசன்' வளாகத்திலேயே ஆக்கப்பட்டது. அப்போது மாணவராயிருந்த சி. மௌனகுரு அதனை எழுதி, இராவணன் பாத்திரத்தையும் தாமே தாங்கினார். மரபுக் கூத்தில் அரசன் கொலுவுக்கு வரும்போது தன் பெருமையைத் தானே பாடி ஆடுவான்; அவன் நெஞ்சினுள் யாது நிகழ்கிறது என்பதைக் களரி கேட்பதில்லை. இங்கோ, மைந்தரையும் தம்பியையும் இழந்து, தன் செய்கையின் விளைவினைத் தானே காணும் ஒருவன் நிற்கிறான். ஆட்டத்தின் வேகம் மனத்தின் வேகமாக மாறுகிறது. இம்மாற்றத்திற்கு வித்து எது? கம்பனின் யுத்த காண்டத்தை வகுப்பிற் பயின்றவனும், வடமோடி ஆட்டத்தைச் சிறுவயதிலிருந்தே அறிந்தவனும் ஒருவனே ஆனதுதான். நூலகமும் களரியும் ஒரே உடலிற் சந்தித்தன. ஊரில் தங்கியிருந்தால் அவனுக்கு முன்னது வாய்த்திராது. நகரத்துக் கல்லூரியில் இருந்திருந்தால் பின்னது மறந்திருக்கும். நால்வகைக் கூத்துக்களுள் இதனையே பேராதனையின் உண்மையான ஆக்கம் என்று நாம் மதிக்கிறோம்.

இனி, எதிர்க்கருத்து ஒன்று உண்டு, அது வலியுடையது. கூத்தினை ஊரிலிருந்து பெயர்த்தெடுத்துக் கற்றோர்க்குக் காட்சிப்பொருளாக்கிவிட்டனர் என்பது அது. களரியைச் சுற்றி அமர்ந்த மூதாட்டிக்கு ஆட்டக்காரன் பேரனாவான். அவன் அடி தவறினாலும் அவள் அறிவாள், தவறாவிடினும் அறிவாள். பேராதனை அவையினர்க்கு அவ்வறிவு இல்லை. இவ்விழப்பை நாம் மறுக்கவில்லை. ஆயினும், வளாகத்தில் அவையே இல்லை, பார்வையாளரே உண்டு என்று கூறுதல் பிழை. ஒரே விடுதியில் உண்டு உறங்கிய தோழன் ஆடுவதைக் காண வந்தோர் அயலார் அல்லர். யாழ்ப்பாணத்தானும் மலைநாட்டானும் மன்னாரானும் தத்தம் ஊர்களிற் கண்டிராத மட்டக்களப்புக் கூத்தினை அறிந்தது தோழன் வாயிலாகவே. மரபுக் கூத்து ஊர்க்கும் சாதிக்கும் உட்பட்டது. விடுதி அவ்வெல்லையைத் தளர்த்திற்று. முற்றாக அழித்தது என்று கூறமாட்டோம். உணவு மேசையிலும் சாதி அமர்ந்திருந்த இடங்கள் உண்டு என்பதை அக்காலத்து வாழ்வினை அறிந்தோர் அறிவர்.

மேலும் ஒரு செய்தி. 'மனமே' தோன்றிய 1956ஆம் ஆண்டிலேயே சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று; 1958ஆம் ஆண்டில் இனக்கலவரம் மூண்டது; நான்காண்டுகளின் பின் 'கர்ணன் போர்' ஆடப்பட்டது. சரச்சந்திர பயன்படுத்திய நாடகம் என்னும் சிங்கள வடிவமோ தமிழ்க் கூத்தின் வழிவந்தது. தமிழிலிருந்து சிங்களத்திற்குச் சென்ற வடிவம், சிங்களத்தார் கண்ட வெற்றியின் வாயிலாகத் தமிழர்க்கு அதன் மதிப்பினை உணர்த்திற்று. ஒரே மலைச்சாரலில் இரு மொழி மாணவரும் வாழ்ந்ததனால் விளைந்த பயன் இது. இதனை இனிய கதையாக மட்டுஞ் சொல்லி நிறுத்துதல் வரலாறு ஆகாது. 1983ஆம் ஆண்டு மே மாதத்தில் அதே வளாகத்திலே தமிழ் மாணவர் தாக்கப்பட்டனர். பலர் விடுதிகளை விட்டு வெளியேறினர். உடனுறைதல் ஒரு வாய்ப்பினைத் தருவது, அன்பினை உறுதிசெய்வதன்று. அறுபதுகளின் மாணவர் அவ்வாய்ப்பினைப் பயன்படுத்தினர் என்ற அளவிலே நின்று கூறுவதே ஆய்வாளர்க்கு ஏற்புடையது.

இக்கருத்தினை மேலும் ஆராய விரும்பும் முதுகலை மாணவர்க்கு ஒன்று கூறுவோம். இதுவரை நமக்குச் சான்றாய் நிற்பன நூல்களே. வித்தியானந்தன் பதிப்பித்த 'அலங்கார ரூபன் நாடகம்' 1962ஆம் ஆண்டிலும், 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' 1964ஆம் ஆண்டிலும் வெளிவந்தன; அவை ஏட்டின் சொல்லைக் காத்தன. பயிற்சி இரவுகளை அவை காக்கவில்லை. எந்த மண்டபத்தில் எத்தனை இரவு பழகினர், எதனைக் குறைக்க அண்ணாவியார் இசைந்தார், எதற்கு இசையவில்லை, மாணவியர் வீட்டிற்கு யாது எழுதினர் என்பனவற்றை அறிந்தோர் இன்று எண்பது வயதினை அடைந்து நிற்கின்றனர். அவர்தம் வாய்மொழியைப் பதிவு செய்தல் ஏட்டுச் சுவடியைப் பதிப்பித்தலுக்கு எவ்வகையிலும் தாழ்ந்த பணியன்று. அதனிலும் விரைந்து செய்யவேண்டிய பணி.

ஒப்பீட்டிற்கு வேறோரிடமும் உண்டு. மௌனகுரு பிற்காலத்தில் மட்டக்களப்பில் 'இராவணேச'னை மீளவும் ஆக்கி மேடையேற்றினார். கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்திருப்பது வந்தாறுமூலையில். கூத்திற்கும் அண்ணாவிமார்க்கும் பெயர்பெற்ற ஊர் அது. பேராதனையில் மாணவன் கூத்தினை ஊரிலிருந்து சுமந்து சென்றான். இங்கோ வளாகமே களரியின் அருகே வந்து நிற்கிறது. பயிற்சி முடிந்து மாணவன் தன் வீட்டிற்கே திரும்பலாம். அவ்வாறு திரும்பும் மாணவனின் 'இராவணேச'னும், திரும்ப வழியின்றி விடுதியில் தங்கியவனின் 'இராவணேச'னும் ஒரே கூத்துத்தானா என்பது இரு பாடங்களையும் அருகருகே வைத்து அடியடியாய் நோக்கற்குரியது.