அறமும் கலையும்: ரோஸ்கில்டே இசைவிழாவை முன்வைத்து

டென்மார்க் நாட்டின் ரோஸ்கில்டே நகரை வரலாறு கற்றோர் அதன் பேராலயத்தால் அறிவர். ஆயர் அப்சலோன் காலத்தில், 12-ஆம் நூற்றாண்டில், செங்கல்லால் எழுப்பத் தொடங்கப்பெற்ற அவ்வாலயத்தில்தான் டேனிய மன்னர்கள் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். இளைஞர் உலகமோ அந்நகரை ராக் இசைவிழாவால் மட்டுமே அறியும். 1971-இல் உயர்நிலைப் பள்ளி மாணவர் இருவரும் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ஒருவரும் தொடங்கிய விழா அது. அடுத்த ஆண்டிலேயே ஓர் அறக்கட்டளை அதனைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. அன்றுமுதல் அதன் இலாபம் எந்தத் தனிமனிதரின் பைக்கும் செல்வதில்லை. மனிதநேயப் பணிகளுக்கும் பண்பாட்டுப் பணிகளுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. 30,000 அளவிலான தன்னார்வலர்களின் உழைப்பில் ஆண்டுதோறும் அது நடந்தேறுகிறது.

இத்தகைய விழாவைப் பற்றி எழுதும் கிறிஸ்தவத் திறனாய்வாளருக்கு ஓர் எளிய சோதனை உண்டு: வருவாய் ஏழைக்குச் செல்கிறது என்றறிந்ததும் இசையை எடைபோட மறந்துவிடுவது. புனித தோமா அக்குவினார் இதற்கு இடந்தருவதில்லை. கைவினைஞன் எத்தகைய மனத்தோடு செய்தான் என்பதற்காக அன்று, செய்த பொருளின் செம்மைக்காகவே கைவினைஞன் என்று போற்றப்படுகிறான் என்பது அவரது கருத்து. நல்ல நோக்கம் சுருதி தவறிய பாடலைச் சுருதி சேர்க்காது. (நம் ஆலய விழா மேடைகளிலும் இவ்வுண்மையை நினைவுகூர்வது நலம்.)

அப்படியாயின் அறம் இவ்விசைக்கு எதைத்தான் தந்தது? என் பார்வையில், துணிவைத் தந்தது. இலாபமே குறியான ஏற்பாட்டாளர், விற்கும் என்று உறுதிப்பட்ட பெயரையே நாடுவார். பங்குதாரருக்குக் கணக்குக் காட்டத் தேவையில்லாத விழாவோ பெயரறியா இளைஞரையும் மேடையேற்றலாம். எட்டு நாள் விழாவின் தொடக்க நாள்களை வடஐரோப்பாவின் வளரும் குழுக்களுக்கென்றே ரோஸ்கில்டே ஒதுக்கி வந்துள்ளது. 1982-இல் அங்கே வந்த அயர்லாந்தின் யு2 குழு இன்னும் உலகப் புகழை எட்டியிருக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான அவர்களது 'அக்டோபர்' இசைத்தட்டில் 'குளோரியா' என்னும் பாடல் உண்டு. இலத்தீன் வழிபாட்டுச் சொற்கள் மின்கிதாரின் முழக்கத்தோடு கலந்த பாடல். முதிர்ச்சி குறைந்த படைப்புதான். ஆயினும் செபிக்க முயன்று சொல் கிடைக்காமல் தவிக்கும் ஓர் இளைஞனின் குரல் அதில் உண்மையாகவே கேட்கிறது. பின்னாளில் பல்லாயிரவர் திரண்ட அரங்குகளில் அக்குழு பாடிய பலவற்றில் இத்தவிப்பை நான் காணவில்லை.

வளரும் குழுவின் இசையில் பிறரைப் பின்பற்றும் குறை மிகுதி. மௌனத்தின் மதிப்பை அறியாத அவசரமும் மிகுதி. எனினும் சிறிய மேடையில் பாடுகிறவன் தன்முன் நிற்போரின் முகங்களைக் காண்கிறான். பெரிய மேடைக்கு அந்தப் பேறு இல்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 1976-ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் பயன்படுத்திய ஆரஞ்சு நிறக் கூடாரக் கூரையை 1978-இல் தனதாக்கிக்கொண்ட ரோஸ்கில்டேயின் முதன்மை மேடை, விழாவின் பெருமைக்கு அடையாளம். 2000 சூன் 30 அன்று பேர்ல் ஜாம் குழு இசைத்தபோது ஏறத்தாழ 50,000 பேர் அதன்முன் திரண்டிருந்தனர். மழையில் நனைந்த தரையில் முன்வரிசையினர் விழுந்தனர். பின்னிருந்தோர் அறியாமல் நெருக்கினர். குழுவினர் இசையை நிறுத்திக் கூட்டத்தைப் பின்வாங்குமாறு மன்றாடினர். ஆயினும் 17 முதல் 26 வயதுக்குட்பட்ட ஒன்பது இளைஞர் உயிரிழந்தனர்.

அதன்பின் மேடைமுன் பகுதி தடுப்புகளால் பிரிக்கப்பட்டது. உள்ளே செல்வோரின் தொகை வரையறுக்கப்பட்டது. வேண்டிய ஏற்பாடே. ஆனால் அறத்திற்கென ஈட்டப்படும் பொருளும் கூட்டத்தின் பெருக்கத்திலிருந்துதான் வருகிறது என்பதை இத்தடுப்புகள் மாற்றிவிடவில்லை. ஏழைக்கு மிகுதியாகக் கொடுக்க விரும்பும் விழா மிகுதியான மக்களைத் திரட்டியாகவேண்டும். திரண்டபின் ஒருவன் கூக்குரல் மற்றவன் செவியில் விழுவதில்லை. இந்த முரணைத் தீர்க்கும் வழி எனக்குப் புலப்படவில்லை. அதனை மறைத்து எழுதும் பாராட்டுரைகளை மட்டும் நான் ஏற்க இயலாது.

பேர்ல் ஜாம் 2002-இல் வெளியிட்ட 'ரயட் ஆக்ட்' தொகுப்பில் 'லவ் போட் கேப்டன்' என்னும் பாடல் அவ்வொன்பது பேரையும் நினைவுகூர்கிறது. மென்மையாகத் தொடங்கி இரைச்சலாக வளர்கிறது. தோமாவின் அளவுகோலை அதன்மீது வைக்கப் பன்முறை முயன்றேன். இரைச்சல் மிகும் இடத்தில் ஒவ்வொரு முறையும் என் கை தயங்குகிறது.