ஐயத்தின் பாரபட்சம்

இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்தே காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பதைப் புள்ளியியல் கற்காத நம் பாட்டிமார்களும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்; ஆயினும் அந்த எச்சரிக்கையையே ஒரு மகாவாக்கியமாக உச்சரித்துவிட்டு, மேலே ஆராய வேண்டிய கடமையிலிருந்து விலகிக்கொள்ளும் வழக்கம் இன்று படித்தவர்களிடையே பரவியிருக்கிறது. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் காரண காரிய சம்பந்தம் நிரூபணமாகவில்லை என்று புள்ளியியல் அறிஞர் சர் ரொனால்ட் பிஷர் வாதாடியதை விஞ்ஞானியின் நிதானம் என்று சிலாகிப்பவர்களும் இவ்வழக்கத்தினரே. அந்தச் சிலாகிப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

பிஷரின் பெருமை குறைக்கக் கூடியதன்று. விவசாயச் சோதனைகளில் எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் முறையை வகுத்து, மறைந்து நிற்கும் காரணங்கள் இருபுறமும் பாரபட்சமின்றிச் சிதறும்படி செய்தவர் அவர். மனிதர்களை அப்படிப் பிரித்துச் சிலரைப் புகைக்க வைக்க இயலாது என்பதும் மெய்யே. புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் டாலும் ஹில்லும் 1950-இல் வெளியிட்ட ஆய்வில், புகையை உள்ளிழுத்தவர்களிடம் நோய் மிகுந்து காணவில்லையே என்று அவர் கேட்டதும் நியாயமான கேள்வி. புகையிலை உற்பத்தியாளர் குழுவுக்கு அவர் ஆலோசகராக இருந்ததைக் கொண்டு அவர் நோக்கத்தைச் சந்தேகிக்கவும் நான் விரும்பவில்லை. வாதத்தின் பலவீனமே போதும்.

எதிராளியின் அனுமானத்துக்குப் பிரமாணத்தின் உச்சத்தைக் கேட்ட பிஷர், தம்முடைய மாற்று அனுமானத்துக்கு ஏறக்குறைய எதையுமே கேட்கவில்லை என்பதே அந்தப் பலவீனம். டாலும் ஹில்லும் வெளியிட்ட அந்த ஆய்வில், நுரையீரல் புற்றுநோய் கண்ட 649 ஆண்களுள் புகைக்காதவர் இருவர்தாம். வேறு நோய்களுக்காக வந்திருந்த அதே எண்ணிக்கையினருள் 27 பேர். புகைக்கும் விருப்பத்தையும் புற்றுநோய்க்கு ஆளாகும் தன்மையையும் ஒரே பரம்பரைக் கூறு விளைவிக்கலாம் என்று கூறிய பிஷர், ஒரே கருமுட்டையில் தோன்றிய இரட்டையர் புகைப்பழக்கத்தில் ஒத்திருப்பதை 1958-இல் ‘நேச்சர்’ பத்திரிகைக்கு எழுதிய கடிதங்களில் ஆதாரமாகக் காட்டினார். பழக்கத்தில் பரம்பரைக்குப் பங்குண்டு என்பதற்கு அது சான்றாகலாம். அதே கூறு நுரையீரலையும் கெடுக்கிறது என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை, அந்த இரட்டையருள் யாருக்குப் புற்றுநோய் வந்தது என்ற செய்தியே இல்லை. ஒற்றுமையைக் கண்டு காரணத்தை நாட்டுவதுதானே அவர் பிறரிடம் கண்டித்த குற்றம்?

மறைந்திருக்கும் காரணத்துக்கும் ஓர் அளவு உண்டு. புகைப்பவர்களிடம் நோய் ஒன்பது மடங்கு மிகுந்திருக்க, அதில் புகைக்குப் பங்கே இல்லை என்றால், அந்த மறைகாரணம் புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்கு மிகுதியாகக் காணப்பட வேண்டும் என்று ஜெரோம் கார்ன்ஃபீல்டும் சகாக்களும் 1959-இல் காட்டினார்கள். எளிய கணக்குதான், பிஷரின் கடிதங்களில் நான் தேடுவது இத்தகைய கணக்கைத்தான்.

ஒன்று இருக்கும்போது மற்றொன்றும் இருப்பதாகிய அன்வயம் மட்டும் போதாது, ஒன்று இல்லாதபோது மற்றொன்றும் இல்லாதிருப்பதாகிய வியதிரேகமும் வேண்டும் என்பது நம் தர்க்க சாஸ்திரிகளின் விதி. அந்த வியதிரேகமும் கிடைத்திருந்தது. 1951 முதல் பிரிட்டிஷ் டாக்டர்களைத் தொடர்ந்து கவனித்து வந்த டாலும் ஹில்லும், புகைப்பதை விட்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் குறைந்திருப்பதை 1956-இல் வெளியிட்டார்கள். சிகரெட்டைக் கைவிட்டவன் தன் பரம்பரையைக் கைவிடுவதில்லை. விடக்கூடியவர்களே வேறு பரம்பரையினர் என்று இதற்கும் ஒரு சமாதானம் சொல்லலாம். ஆனால் சிகரெட் பரவியதையொட்டிச் சில பத்தாண்டுகளுக்குள் இந்நோய் ஒரு தேசம் முழுவதும் பெருகியதற்கு, ஒரு தலைமுறையில் மாறாத பரம்பரை எப்படிக் காரணமாகும்? அந்நாளில் சான்று போதாதிருந்தது என்று பிஷருக்காகப் பரிந்து பேசுபவர்கள், ‘நேச்சர்’ கடிதங்களின் தேதியையும் டாக்டர்கள் ஆய்வின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.