இற்செறிப்பும் நிரைகவர்தலும்: ‘சீக்வெஸ்டர்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் திருக்குற்றாலக் குறவஞ்சியும்

முன்னுரை

பிறமொழிக் கலைச்சொல்லைக் கொண்டு தமிழ் இலக்கியத்தை அணுகும்போது, அச்சொல்லின் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்வது திறனாய்வில் அடிக்கடி நிகழ்கிறது. ‘சீக்வெஸ்டர்’ என்னும் ஆங்கில வினை தனிமைப்படுத்துதல், கைப்பற்றுதல் ஆகிய இரு பொருள்களையும் உடையது. இவ்விரண்டும் தமிழ்த் திணைக் கோட்பாட்டில் எவ்வாறு இணைகின்றன என்பதையும், அவ்விணைப்பு திருக்குற்றாலக் குறவஞ்சியின் அமைப்பை எவ்வாறு விளக்குகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லின் பொருள்

இச்சொல்லின் இலத்தீன் மூலம், வழக்கிலுள்ள பொருளை இரு தரப்பாரும் ஒப்படைத்து வைக்கும் நடுவரைக் குறித்தது. அதனால், ‘காத்து வைத்தல்’ என்பதே இதன் அடிக்கருத்தாகும். கடன் தீரும்வரை சொத்தைப் பிடித்து வைத்தல், நடுவர் குழுவினரை வெளித்தொடர்பின்றி ஒதுக்கி வைத்தல், கரியமில வாயுவைச் சேமித்து வைத்தல் ஆகிய பிற்காலப் பயன்பாடுகள் அனைத்திலும் இக்கருத்து தொடர்கிறது. எனவே இதனைப் ‘பறிமுதல்’ என மொழிபெயர்ப்பது பொருந்தாது. பறிமுதலில் உரிமையே பறிபோகிறது. ‘ஜப்தி’ ஓரளவு நெருங்கினும், தனிமைப்பொருளைத் தருவதில்லை. ‘தனிமைப்படுத்தல்’ கைப்பற்றும் பொருளை விட்டுவிடுகிறது.

குறிஞ்சியின் அகமும் புறமும்

தமிழில் இவ்விரு பொருள்களுக்கும் ஒரே சொல் இல்லையாயினும், ஒரே நிலம் உண்டு. களவொழுக்கத்தில் ஊர் அலர் தூற்ற, தாயர் தலைவியை வீட்டுக்குள் காவலில் வைப்பது இற்செறிப்பு. பகைவர் ஆநிரையைக் கவர்ந்து வருவது வெட்சி. தொல்காப்பியம் வெட்சியைக் குறிஞ்சியின் புறனாக வகுக்கிறது. மலைசார்ந்த நிலமும் களவு என்னும் ஒப்புமையும் இதற்கு உரையாசிரியர்கள் காட்டும் காரணங்களுள் அடங்கும். கவர்ந்து வந்த நிரையை ஓம்புதலையும் வெட்சியின் இலக்கணத்தில் தொல்காப்பியர் சேர்த்திருப்பது கருதத்தக்கது. கவர்தலோடு காத்தலும் சேர்ந்தே அங்குச் செயல் நிறைவுறுகிறது.

குறவஞ்சியில் இரு பொருள்கள்

தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய இந்நூல் குறிஞ்சி நிலத்தைக் களமாகக் கொண்டது. முற்பகுதியில், உலா வரும் குற்றாலநாதரைக் கண்ட வசந்தவல்லியின் நெஞ்சம் கவரப்படுகிறது. அவளை எவரும் இற்செறிக்கவில்லை. தோழியர் சூழ இருந்தும் நிலவைப் பழித்துத் தனிமையில் வாடுகிறாள். கவரப்பட்டதன் விளைவே இத்தனிமை. பிற்பகுதியில் சிங்கன் நூவனோடு பறவை பிடிக்க வருகிறான். பறவைகள் வயல்களில் மேய, கண்ணி வைக்க வந்தவன் நெஞ்சமோ சிங்கியின் நினைவில் சிக்குகிறது. கவர வந்தவனே தனித்தவனாகிறான்.

பிற்பகுதியை நகைச்சுவைக்காகச் சேர்க்கப்பட்ட இணைப்பாக மட்டும் கொண்டால் இத்தலைகீழ் அமைப்பு புலப்படாது. குறி சொல்லிப் பரிசிலாகப் பெற்ற அணிகளைச் சிங்கி பூண்டு நிற்க, அவற்றை இன்னவென்று அறியாது சிங்கன் வினவும் உரையாடலும் இதனோடு பொருந்துகிறது. வசந்தவல்லியின் காதல் ஈந்த பொருள் சிங்கனின் ஐயத்துக்குக் காரணமாகி இரு கதைகளையும் பிணைக்கிறது.

எனினும், ஒப்புமைக்கு எல்லையுண்டு. ஆங்கிலச் சொல்லின் பின்னே பெரும்பாலும் ஓர் அதிகாரத்தின் ஆணை நிற்கிறது. இற்செறிப்பிலும் தாயின் ஆணை உண்டு. குறவஞ்சியிலோ ஆணையிடுவார் இல்லை, காண்டலே பிணிக்கிறது. ஆகவே அச்சொல்லை இந்நூலுக்குரிய பெயராக ஏற்க இயலாது.

முடிவுரை

‘சீக்வெஸ்டர்’ என்பதற்குச் சூழலுக்கேற்பச் சட்டத்தில் ‘பிடித்துவைத்தல்’ எனவும், பிறவற்றில் ‘ஒதுக்கிக் காத்தல்’ எனவும் வழங்கலாம். இலக்கியத் திறனாய்வில் புதுச்சொல் ஆக்குவதைவிட, குறிஞ்சி, வெட்சி என்னும் இணையை மீட்டெடுப்பதே பயனுடையது. அயற்சொல் எழுப்பிய வினாவுக்குரிய விடை தமிழ்ப் பொருளிலக்கணத்திலேயே உள்ளது என்பதைத் திருக்குற்றாலக் குறவஞ்சி உணர்த்துகிறது.